ஒளியை முந்தாத பின்னல்: சுதர்சனின் இரு கட்டுரைகள்

2014 செப்டம்பர் 24 காலையில் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அதற்கான 440 நியூட்டன் திரவ எஞ்சின், திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் இயங்கும் திரவ உந்துவிசை மையத்தின் தயாரிப்பு. ஏறக்குறைய 300 நாள் விண்வெளியில் சும்மா கிடந்த அந்த எஞ்சின் அன்று 24 நிமிடம் பிசகாமல் எரிந்தாக வேண்டும். பூமிக்கும் கலத்துக்கும் இடையே சுமார் 22 கோடி கிலோமீட்டர். எஞ்சின் பற்றிக்கொண்ட செய்தி பெங்களூரு கட்டுப்பாட்டு அறையை எட்ட 12 நிமிடத்துக்கும் மேல் ஆனது. அதாவது, செய்தி வந்தபோது எரிப்பில் பாதி முடிந்துவிட்டிருந்தது. இடையில் பழுது ஏதும் நேர்ந்திருந்தால் தரையில் இருந்தவர்கள் கையைப் பிசைவதைத் தவிர ஒன்றும் செய்திருக்க முடியாது. அதனால்தான் கட்டளைகள் எல்லாம் முன்கூட்டியே கலத்தில் ஏற்றப்பட்டிருந்தன. ஒளிவேக எல்லை நமக்குப் பாடநூல் சங்கதி. விண்வெளித் துறைக்கோ தினசரி இடைஞ்சல். இந்த இடைஞ்சலைக் குவாண்டம் பின்னலைக் கொண்டு தாண்டிவிடலாமா என்ற கேள்வி, அலேன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்த பிறகு பலர் வாயிலும் அடிபட்டது. பின்னப்பட்ட இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால் மற்றது எத்தனை தொலைவில் இருந்தாலும் அந்தக் கணமே அதற்கு இசைந்த நிலையில் காணப்படுகிறது என்றால், அதன் வழியே ஒரு சொல்லையாவது அனுப்ப முடியாதா?

முடியாது. இயற்பியலாளர்கள் கிட்டத்தட்ட அனைவரும் சொல்லும் பதில் இது. ஆனால் பொதுவெளியில் இதற்குக் காட்டப்படும் காரணம் பெரும்பாலும் தவறானது. ஒளியை எதுவும் முந்தக் கூடாது என்று ஐன்ஸ்டைன் விதித்துவிட்டார், எனவே பின்னலும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்கிறார்கள். இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு, இயற்கை வழி திறந்து வைத்திருக்கிறது, ஒரு மேதையின் பழைய ஆணைதான் குறுக்கே நிற்கிறது என்று படும். அந்த ஆணை என்றாவது தளரக்கூடும் என்ற நம்பிக்கையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். என் வாதம் வேறு. பின்னல் வழியே செய்தி போவதைத் தடுப்பது ஐன்ஸ்டைனின் சார்பியல் அன்று, குவாண்டம் கோட்பாட்டின் சொந்தக் கணக்கு. ஐன்ஸ்டைன் பிறந்திருக்காவிட்டாலும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளி மாறாது. இதற்கு நான் முன்வைக்கும் சான்று, ஒளிவேகம் கடைசி எல்லை என்பதை ஏற்க மறுத்த ஒரு மலையாளி இயற்பியலாளரின் எழுத்திலிருந்தே வருகிறது.

எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன் 1931இல் கோட்டயம் மாவட்டத்துப் பள்ளத்தில் பிறந்தவர். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் என்று படித்தும் பணியாற்றியும் அமெரிக்காவின் ரோச்செஸ்டருக்குப் போய் 1958இல் முனைவரானார். 1984 முதல் 1991 வரை சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்ததால் தமிழ்நாட்டு இயற்பியல் மாணவர்களுக்கும் அவர் அந்நியரல்லர். 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, ஒளியைவிட வேகமான துகள்கள் இருக்கலாம் என்றும் அவற்றைச் சிறப்புச் சார்பியல் விலக்கவில்லை என்றும் வாதிட்டது. சார்பியல் சொல்வது இவ்வளவுதான்: ஒளியைவிட மெதுவாகப் போகும் துகளை முடுக்கி ஒளிவேகத்துக்கு ஏற்ற எல்லையற்ற ஆற்றல் வேண்டும். பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாகப் பிறக்கும் துகளுக்கு அந்தத் தடையைத் தாண்டும் தேவையே எழாது. இமயத்தைத் தாண்ட யாராலும் முடியாது, ஆகவே அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று ஒரு மக்கள்தொகை ஆய்வாளர் முடிவு கட்டினால் எத்தனை அபத்தம் என்று சுதர்சன் பின்னாளில் கேட்டார். மத்திய ஆசியாவில் இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள், மலையேறி வந்தவர்கள் இல்லையே! இந்தத் துகளுக்கு டாக்கியான் என்று பெயரிட்டவர் ஜெரால்டு ஃபைன்பெர்க், அது 1967இல்.

டாக்கியானை யாரும் கண்டதில்லை. 1968இல் ஆல்வேகர், கிரைஸ்லர் இருவரும் சோதனை நடத்தித் தேடி வெறுங்கையோடு திரும்பினார்கள். 2011இல் ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளியிருந்த இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தி வந்ததாக ஓபரா குழு அறிவித்தபோது உலகமே பரபரத்தது. கடைசியில் ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாததே கோளாறு என்று தெரிந்தது. கோட்பாட்டிலும் சிக்கல் உண்டு. ஒளியை முந்தும் துகள், சில நோக்கர்களுக்குக் காலத்தில் பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். சுதர்சன் குழு அதற்கு ஒரு மறுவிளக்கம் தந்தது: எதிர்மறை ஆற்றலோடு பின்னோக்கிப் போகும் துகளை, நேர்மறை ஆற்றலோடு முன்னோக்கி வருவதாகவே படித்துக்கொள்ளலாம். அப்படிப் படித்தால், ஒருவர் உமிழ்வு என்று காண்பது இன்னொருவருக்கு உட்கவர்தல் ஆகிவிடும். அனுப்பியவர் யார், பெற்றவர் யார் என்பதே நோக்கரைப் பொறுத்து மாறும். டாக்கியானைக் கொண்டு ஒழுங்காகச் செய்தி அனுப்ப முடியும் என்றால் கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்து சேரும் என்பதை 1970இல் பென்ஃபோர்டு, புக், நியூகோம் மூவரும் எடுத்துக்காட்டினர். ஆக, சார்பியல் ஒளிவேக மீறலை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. மீறினால் காரணகாரிய வரிசையை விலையாகக் கேட்கிறது. அந்த விலையைக் கொடுக்கலாமா என்று பேரம் பேசிப் பார்த்தவர் சுதர்சன். டாக்கியான் பொய்த்துப்போனாலும், ஐன்ஸ்டைன் விதித்துவிட்டார் என்ற ஒற்றை வரி எவ்வளவு மெலிந்த வாதம் என்பதை அந்த 1962ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டிவிட்டது.

இனிப் பின்னலுக்கு வருவோம். பின்னப்பட்ட ஃபோட்டான் (ஒளித்துகள்) இணை ஒன்று. ஒரு ஃபோட்டான் திருவனந்தபுரத்தில், மற்றது சுமார் 620 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில். ஒளி இந்தத் தொலைவைக் கடக்க 2 மில்லி விநாடிக்குச் சற்று அதிகமாகும். இரு ஊர்களிலும் இருப்பவர்கள் ஒரே திசையில் முனைவாக்கத்தை (ஒளி அலை அதிரும் திசையை) அளந்தால் இருவருக்கும் ஒரே விடை வரும். ஆனால் எந்த விடை என்பது ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கு. விடைகள் புறப்படும்போதே ஒளித்துவைக்கப்பட்டவை அல்ல என்று காட்டும் கணிதம் ஜான் பெல் 1964இல் தந்தது. அதை ஆய்வகத்தில் மெய்ப்பித்ததற்குத்தான் அந்த நோபல் பரிசு. இப்போது சென்னைக்காரர் ஒரு செய்தி அனுப்ப விரும்புகிறார். விடையை அவரால் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் எந்தத் திசையில் அளப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. ‘ஆம்’ என்றால் கிடை-செங்குத்துத் திசைகளில் அளப்பார், ‘இல்லை’ என்றால் 45 பாகைச் சாய்வில். முதல் வகையில் திருவனந்தபுரத்து ஃபோட்டான்கள் பாதி கிடையாகவும் பாதி செங்குத்தாகவும் இருக்கும். இரண்டாம் வகையில் பாதி வலச்சாய்வாகவும் பாதி இடச்சாய்வாகவும் இருக்கும். இரண்டும் வேறு வேறு கலவைகள்தானே, திருவனந்தபுரத்தில் இருப்பவர் வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அவர் தம் முனைவாக்க வடிகட்டியைக் கிடையிலிருந்து 30 பாகை திருப்பி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கிடை ஃபோட்டான் அதைக் கடக்கும் நிகழ்தகவு 0.75, செங்குத்து ஃபோட்டானுக்கு 0.25, பாதிக்குப் பாதி என்பதால் சராசரி 0.5. சாய்வு வகையில் ஒன்றுக்கு 0.933, மற்றதற்கு 0.067, சராசரி மறுபடியும் 0.5. வடிகட்டியை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் இதே 0.5தான் வரும், ஏனென்றால் எந்தக் கோணத்துக்கும் சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடினால் 1. சென்னையில் எந்தத் திசையில் அளந்தார்கள், அல்லது அளந்தார்களா இல்லையா என்பதற்கான சுவடு திருவனந்தபுரத்து எண்களில் கடுகளவும் இல்லை. இரு ஊர்ப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒட்டுறவு கண்ணுக்குத் தெரியும். பதிவேட்டைத் தொலைபேசியிலோ தபாலிலோதான் அனுப்ப வேண்டும்.

இது ஒரு வடிகட்டிக்கு மட்டும் பொருந்தும் கணக்கு இல்லையா, புத்திசாலித்தனமான வேறொரு கருவி அந்த இரு கலவைகளையும் பிரித்தறிந்துவிடாதா என்று கேட்கலாம். சுதர்சனின் இன்னொரு கட்டுரை இங்கேதான் நமக்குத் தேவைப்படுகிறது. டாக்கியான் கட்டுரைக்கு ஓராண்டு முன்பு, 1961இல், பி. எம். மாத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகியோருடன் அவர் எழுதியது அது. இந்தியாவில் இயற்பியல் முதுகலை படித்தவர்களுக்கு மாத்யூஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் வெங்கடேசனோடு சேர்ந்து எழுதிய குவாண்டம் இயங்கியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களின் கையில் இருந்தது. சுற்றுப்புறத்தோடு உறவாடும் ஒரு குவாண்டம் அமைப்புக்கு நேரக்கூடிய மாற்றங்களையெல்லாம் அடக்கும் பொதுவடிவம் எது என்று அக்கட்டுரை ஆராய்ந்தது. அமைப்பைப் பற்றி அளந்து அறியக்கூடியது அனைத்தையும் அடர்த்தி அணி என்ற ஒரே எண்தொகுதியில் எழுதிவிடலாம். எந்த மாற்றமும் அந்த அணியின் மேல் நேரியலாக இயங்கும் ஒரு விதியாக இருக்க வேண்டும். நேரியல் என்றால், கலவைக்கு நேர்வது அதன் கூறுகளுக்கு நேர்வதன் கூட்டுத்தொகை, அவ்வளவே. இன்று குவாண்டம் தகவலியல் குவாண்டம் தடம் என்று அழைக்கும் கருத்தின் முன்வடிவம் இது. செய்தி அனுப்புவது பற்றிய பேச்சே அக்கட்டுரையில் இல்லை. ஆனால் நம் கேள்விக்கு விடை அதற்குள் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன இரு கலவைகளுக்கும் அடர்த்தி அணி ஒன்றே. நேரியலான எந்தக் கருவிக்குள் செலுத்தினாலும் உள்ளே போவது ஒன்றே என்பதால் வெளியே வருவதும் ஒன்றே. இந்த வாதத்தில் ஒளியின் வேகம் எங்கும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரியல்தான் உண்மையான காவல் என்பதற்கு அதை மீறப் பார்த்த முயற்சிகளைவிட நல்ல சாட்சி கிடையாது. அமெரிக்கரான நிக் ஹெர்பர்ட் 1982இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். வந்து சேரும் ஒற்றை ஃபோட்டானை லேசரால் பெருக்கிப் பல நகல்களாக்கி, பாதியை நேர்கோட்டு முனைவாக்கத்திலும் பாதியை வட்ட முனைவாக்கத்திலும் சோதித்தால், தொலைவில் இருப்பவர் எந்த வகையைத் தேர்ந்தார் என்று தெரிந்துவிடும் என்றார். நகல்கள் உண்மையிலேயே கிடைத்தால் தெரிந்துவிடும்தான்! திட்டத்தில் சார்பியல் பிழை ஒன்றும் இல்லை. பிழை நகலெடுப்பதில் இருந்தது. கிடை, செங்குத்து இரண்டையும் சரியாக நகலெடுக்கும் கருவி நேரியலாக இருந்தால் சாய்வு நிலையை நகலெடுக்காது, அதைக் குலைத்துவிடும். அதே ஆண்டு வூட்டர்ஸும் சூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனியாகவும் இதை நிறுவினார்கள். நகலெடுக்க முடியாமைத் தேற்றம் என்று இன்று பாடத்தில் இருப்பது இப்படிப் பிறந்ததே. ஹெர்பர்ட்டின் கட்டுரையை மதிப்பிட்ட ஆஷர் பெரெஸ், இது தவறு என்று தெரிந்தும் தவறு எங்கே என்று தேடுவது பயன் தரும் என்பதற்காக வெளியிடப் பரிந்துரைத்தார். மதிப்பீட்டாளர்களில் இப்படி ஒருவர் வாய்ப்பது அரிது.

அடுத்த முயற்சி நம் நாட்டினுடையது. 1987இல் கொல்கத்தாவைச் சேர்ந்த அமிதாப தத்தா, திபங்கர் ஹோம், அமிதாப ராய்சௌதுரி மூவரும் நடுநிலைக் கேயான் என்ற துகள்களின் இணைகளை எடுத்துக்கொண்டார்கள். கேயான் சிதைவில் துகள்-எதிர்த்துகள் சமச்சீர் சிறிது மீறப்படுகிறது. அந்த மீறலைக் கணக்கில் சேர்த்தால் ஒரு பக்கத்துக் கேயானின் புள்ளிவிவரம் மறுபக்கத்தில் நடக்கும் நோக்கலைப் பொறுத்துச் சற்றே மாறுவதாக அவர்கள் கணக்கு காட்டியது. இது விளையாட்டுத்தனமான கட்டுரை அன்று. எழுதியவர்கள் தேர்ந்தவர்கள், கேட்ட கேள்வியும் கூர்மையானது. உடனே பல நாடுகளிலிருந்து மறுப்புகள் வந்தன. குறுகிய ஆயுள் கேயான், நெடிய ஆயுள் கேயான் இரண்டும் சமச்சீர் மீறலால் ஒன்றுக்கொன்று செங்குத்தான நிலைகளாக இல்லாமல் போகின்றன. அப்படிப்பட்ட இரண்டு நிலைகளை எந்த அளவீடும் பிசகின்றிப் பிரித்தறிய முடியாது. கேயான் சிதைந்து பிறக்கும் துகள்களையும் கணக்கில் சேர்த்து முழு அமைப்பையும் நேரியலாக நடத்தினால் அந்தச் சிறு மாற்றம் மறைந்துவிடுகிறது. மறுத்தவர்கள் சார்பியலைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குவாண்டம் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

மறுதிசையிலிருந்தும் சான்று உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சுதர்சன் பணியாற்றிய அதே துறையில் இருந்த ஸ்டீவன் வைன்பெர்க், குவாண்டம் விதியில் மிகச் சிறிய நேரியலற்ற உறுப்பு ஒன்று ஒளிந்திருக்கலாமோ என்று 1989இல் கேட்டார். செய்தி அனுப்புவது அவர் நோக்கமே இல்லை. குவாண்டம் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு மாற்று வேண்டும் என்றுதான் தேடினார். மறு ஆண்டே ஜெனீவாவின் நிக்கோலா ஜிசன், அப்படியொரு உறுப்பு இருந்தால் பின்னலைக் கொண்டு ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியும் என்று காட்டினார். நேரியலை எடுத்துவிட்டால் வழி திறக்கிறது, வைத்தால் அடைபடுகிறது. காவல்காரன் யார் என்பதற்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டியதில்லை. கொலராடோவில் பெரிலியம் அயனிகளைக் கொண்டு அந்த உறுப்பை மிக நுட்பமாகத் தேடினார்கள், அகப்படவில்லை.

செய்தி போகாவிட்டாலும் இரு துகள்களுக்கும் இடையே ஏதோ ஒன்று போகத்தானே செய்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். 2008இல் ஜெனீவாவுக்கு இருபுறமும் 18 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள சத்தின்யி, ஜுஸி கிராமங்களில் ஜிசன் குழு அளந்து பார்த்தது: ஒருகால் ஏதோ ஒன்று போகிறது என்றால் அதன் வேகம் ஒளிவேகத்தைப்போல் 10,000 மடங்காவது இருக்க வேண்டும். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னலின் வேகம் இவ்வளவு என்று எழுதுவோர் ‘ஒருகால்’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கற்பனையின் விளைவையும் காட்டியது: வரம்புள்ள வேகத்தில் ஒளிந்து போகும் தாக்கங்கள்தாம் குவாண்டம் ஒட்டுறவுகளுக்குக் காரணம் என்றால், அவற்றை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடிந்துவிடும். அப்படி ஒன்றும் இதுவரை காணப்படவில்லை. குவாண்டம் தொலைப்பெயர்ச்சியை எடுத்துக்காட்டுவோருக்கு விடை இன்னும் எளிது. பென்னட்டும் ஐவரும் 1993இல் வகுத்த அந்த முறையில் நிலையை மீட்டெடுக்க இரண்டு பிட் சாதாரணத் தகவல் வந்தாக வேண்டும். அது வரும்வரை பெறுபவரிடம் இருப்பது குருட்டாம்போக்கான ஒரு துகள்தான்.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. தத்துவவாதிகள் சிலர் எழுப்புவது. இந்த நிரூபணமே சுற்றுவாதம் என்கிறார்கள் அவர்கள். சென்னையில் செய்யும் செயல் திருவனந்தபுரத்து அளவுகளோடு இடைமாறும் (எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே) என்பதை முதலிலேயே எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒன்று மற்றதைப் பாதிக்காது என்று முடிக்கிறீர்கள். முடிவை எடுகோளுக்குள் நுழைத்துவிட்டீர்கள். இதில் நியாயம் இருக்கிறது. தொலைவிலுள்ள இரண்டு பகுதிகளைத் தனித்தனி அமைப்புகளாக எழுதுவது தருக்கம் தந்த உரிமை இல்லை, அனுபவம் தந்தது. ஆகவே பின்னல் வழிச் செய்தி தருக்கப்படியே இயலாதது என்று நான் சொல்ல மாட்டேன். குவாண்டம் கோட்பாடு எவ்வளவு உறுதியோ இந்தத் தடையும் அவ்வளவே உறுதி. அதற்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அந்த எடுகோள்களைத் தோண்டிப் பார்க்கும் வேலையும் நின்றுவிடவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் விதுரா இருக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றும் அனில் ஷாஜி, சுதர்சனிடம் முனைவர் பட்டம் பெற்றவர். ஓர் அமைப்பு தொடக்கத்திலேயே சுற்றுப்புறத்தோடு பின்னிக் கிடந்தால் 1961ஆம் ஆண்டுக் கட்டுரையின் விதி என்ன ஆகும் என்று அவரும் தாமஸ் ஜோர்டனும் சுதர்சனும் 2004இல் ஆராய்ந்தார்கள். முழுமையான நேர்மறைத்தன்மை என்று பலரும் கட்டாயமாகக் கருதிய ஒரு நிபந்தனை அப்போது பொருந்த வேண்டியதில்லை என்று கண்டார்கள். அமைப்பும் சுற்றுப்புறமும் சேர்ந்த முழுமைக்கு நேரியல் அப்படியே நிற்கிறது; தொலைவிலுள்ள துகளின் புள்ளிவிவரம் அசைவதில்லை. ஒளிவேக எல்லையையே கேள்வி கேட்ட ஒருவர், பல பத்தாண்டுகள் குடைந்து பார்த்தும் கைவிடாத விதி இது.

பின்னலால் பயன் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. செய்தியை வேகமாக்க அது உதவாது. செய்தியை மறைக்க உதவும். 2017இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 1,203 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தரை நிலையங்களுக்குப் பின்னப்பட்ட ஃபோட்டான்களை அனுப்பியது. கலத்தில் விநாடிக்கு 59 லட்சம் இணைகள் உண்டானாலும் இரு முனையிலும் சேர்ந்து பதிவானது விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றுதான். 2022 ஜனவரியில் அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் இயற்பியல் ஆய்வகமும் 300 மீட்டர் இடைவெளியில் பின்னலைக் கொண்டு மறையீட்டுச் சாவி பகிர்ந்துகாட்டின. 2025 ஜூனில் டெல்லி ஐ.ஐ.டி.யும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அதைச் செய்தன. சாவி பகிர்ந்த இந்த இரு இந்தியச் சோதனைகளிலும் இரு முனையினரும் எந்தத் திசையில் அளந்தோம் என்பதைச் சாதாரண வழியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பிறகே சாவி உருவானது. 2023 ஏப்ரலில் ரூ. 6,003.65 கோடி ஒதுக்கீட்டுடன் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கம் 2,000 கிலோமீட்டர் தொலைவுக்கு இத்தகைய பாதுகாப்பான தொடர்பை இலக்காக வைத்திருக்கிறது. அது நிறைவேறும் நாளிலும், அளந்த திசைகளைச் சொல்லும் செய்தி அந்தத் தொலைவை வெற்றிடத்தில் கடக்க 6.7 மில்லி விநாடியும் ஒளியிழையில் கடக்க 10 மில்லி விநாடியும் ஆகும். அதற்கு முன் சாவி கிடைக்காது.